கட்டப்பட்ட ஆண்டு

அரசாங்கப் படிவம் ஒவ்வொன்றிலும் ஆளைச் சிக்க வைப்பதற்கென்றே ஒரு வரி இருக்கும். ஞானமலரின் மேசைக்கு வந்த படிவத்தில் அது ஏழாவது வரி. ‘வழிபாட்டிடம் கட்டப்பட்ட ஆண்டு’ என்று கேட்டு, பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குப் புள்ளிக்கோடு போட்டிருந்தார்கள். நாலு இலக்கத்தை எழுதி, கையெழுத்து வைத்து, ஊரார் ஜி.எஸ். என்று சொல்லும் கிராம சேவகரின் முத்திரையைக் குத்தினால் வேலை முடிந்தது. இருபத்திரண்டு வருஷமாக இந்த உத்தியோகம் பார்க்கிறவளுக்கு அது தேத்தண்ணி ஆறுவதற்குள் முடிகிற காரியம். ஆனால் படிவம் வந்து ஒன்பது நாளாகியும் புள்ளிக்கோடு வெறுமையாகவே கிடந்தது.

படிவத்தில் சொல்லப்பட்ட வழிபாட்டிடம் புன்னையடி ஜெபவீடு. சாம்பல்தீவைத் தாண்டிக் குச்சவெளி ரோட்டில் பஸ்ஸால் இறங்கி, கடலைப் பார்த்து அரைக் கட்டைத் தூரம் நடந்தால் புன்னையடி வரும். மீன்பிடிக் குடும்பங்கள் நூற்றைம்பது இருக்கும். ஒரு பிள்ளையார் கோயில், அதிலிருந்து கூப்பிடு தூரத்தில் நீலக் கதவு போட்ட ஜெபவீடு. ஞாயிற்றுக்கிழமை அங்கே நாற்பது பேர் கூடுவார்கள். அந்த நாற்பது பேரில் ஞானமலரும் ஒருத்தி. சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

கோயில் பரிபாலன சபைத் தலைவர் யோகலிங்கம் மாஸ்டர், இளைப்பாறிய பள்ளிக்கூட அதிபர், பிரதேச செயலகத்துக்கு ஒரு முறைப்பாடு எழுதியிருந்தார். ஜெபவீடு அனுமதி இல்லாமல் கட்டப்பட்டது, அதை மூட வேண்டும் என்பது சாரம். 2008க்குப் பிறகு கட்டிய வழிபாட்டிடம் என்றால் மேலிடத்து அனுமதி வேண்டும், அதற்கு முதலே இருந்ததென்றால் ஒருவரும் தொட முடியாது என்று ஒரு பழைய சுற்றறிக்கை இருந்தது. ஆகவே ஜெபவீடு திறந்திருப்பதும் மூடுவதும் இப்போது ஏழாவது வரியில் விழப்போகும் நாலு இலக்கத்தில் தங்கியிருந்தது.

ஜெபவீட்டின் முன் சுவரில், கதவுக்கு மேலே, ‘ஸ்தாபிதம் 1996’ என்று பெரிதாகப் பெயின்ற் அடித்திருந்தது. அது பொய்யென்று சொல்ல முடியாது. உண்மையென்றும் சொல்ல முடியாது. சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருஷம், புஷ்பவதி என்பவளின் வளவில், கூரையாகக் கட்டிய தறப்பாளுக்குக் கீழே ஏழு பேர் முழங்காலில் நின்று ஜெபித்தார்கள். சபை தன் வயதை அந்தத் தறப்பாளிலிருந்துதான் எண்ணும். வருஷா வருஷம் ஆண்டு விழாக் கேக்கில் மெழுகுதிரி வைப்பதும் அந்தக் கணக்கில்தான். கட்டடம் எழும்பியதோ சண்டை முடிந்து இரண்டு வருஷம் கழித்து, 2011இல். புஷ்பவதி தன் வளவில் ஒரு துண்டை எழுதிக் கொடுத்தாள். ஞானமலர் அப்போது வேறு பிரிவில் கிராம சேவகர். சனிக்கிழமைகளில் வந்து மற்றப் பெண்களோடு கல் சுமந்தாள். துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்யும் அவள் புருஷன் மேர்வின் கூரைத் தகரம் ஏற்றினான். புதுச் சுவரில் பழைய ஆண்டை எழுதியபோது ஒருவருக்கும் அது பிழையாகப் படவில்லை. பிள்ளை பிறந்த நாளைத்தானே எழுதுவோம், சட்டை தைத்த நாளையா எழுதுவோம் என்று புஷ்பவதி கேட்டாள், எல்லாரும் சிரித்தார்கள். பதினைந்து வருஷம் கழித்து ஓர் அரசாங்கப் படிவம் வந்து சட்டையின் வயதைக் கேட்கும் என்று யார் கண்டது?

பாஸ்டர் ஜக்சனும் அதை முன்கூட்டிக் காணவில்லை. வாழைச்சேனைப் பக்கத்திலிருந்து ஒன்பது வருஷத்துக்கு முன்தான் அவர் இந்தச் சபைக்கு வந்தார். முறைப்பாட்டுக்குப் பதில் தரும்படி செயலகம் கேட்டதும் சுவரை அண்ணாந்து பார்த்தார், ‘கட்டப்பட்டது 1996’ என்று எழுதி அனுப்பிவிட்டார். அது சரிதானா என்று கிராம சேவகர் உறுதிப்படுத்த வேண்டும். அதற்குத்தான் படிவம்.

ஞானமலர் முதலில் தப்பித்துக்கொள்ளத்தான் பார்த்தாள். படிவம் வந்த மறுநாளே நகரத்துக்குப் போய்ப் பிரதேச செயலாளரின் மேசைக்கு முன்னால் நின்றாள்.

“சேர், நான் அந்தச் சபையில இருக்கிறவள். இதை வேற ஆரிட்டையும் குடுங்கோ.”

“அது எனக்குத் தெரியும். முறைப்பாட்டிலயும் எழுதியிருக்கினம்,” என்றார் அவர். “வேற ஆளை அனுப்பினா அவர் வந்து விசாரிக்கப்போறதும் உங்களிட்டத்தானே? உங்கட பிரிவு, நீங்களே எழுதுங்கோ. பக்கம் சாய மாட்டீங்கள் எண்டு எனக்கு நம்பிக்கை இருக்கு.”

ஆளைக் கட்டிப்போடுவதற்கு நம்பிக்கையை விட நல்ல கயிறு கிடையாது. அவள் படிவத்தோடு திரும்பவும் பஸ் ஏறினாள்.

அடுத்த கிழமை பாஸ்டர் ஜக்சன் மோட்டார்சைக்கிளில் அவளுடைய கந்தோருக்கு வந்தார். கந்தோர் என்றால் ஒரு அறை, ஒரு அலுமாரி, மூன்று கதிரை. பாஸ்டரைப் பற்றி ஒரு குறையும் சொல்ல முடியாது. போன வெள்ளத்தில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, கோயிலடி ஆட்கள் சபை ஆட்கள் என்று பாராமல் தோளில் தூக்கிக் கரை சேர்த்தவர். தனக்கென்று உடுத்த ஒரு நல்ல சேட்டுக்கூட வைத்துக்கொள்ளாதவர்.

“பாஸ்டர், கட்டடம் பதினொண்டில கட்டினது,” என்றாள் ஞானமலர். “நான் கல்லுச் சுமந்தனான்.”

பாஸ்டரின் முகம் செத்துப்போனது. “எனக்குத் தெரியாது அக்கா. சுவரில இருந்ததைப் பாத்துத்தான் எழுதினனான்.”

“அது எனக்குத் தெரியும். பிழையா எழுதிப்போட்டம் எண்டு திருத்தி ஒரு கடிதம் குடுங்கோ.”

“திருத்தினா மூடுவாங்கள்.”

“ஓம்.”

அவர் கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தார். பிறகு மெதுவாகக் கேட்டார். “சபை எண்டா என்ன அக்கா? கல்லும் தகரமுமா? ஆக்கள்தானே. ஆக்கள் கூடினது தொண்ணூற்றாறில. அப்ப 1996 எண்டு எழுதினா எங்க இருக்குப் பொய்?”

“ஆக்கள்தான் சபையெண்டா, கட்டடத்தை மூடினாச் சபைக்கு ஒண்டும் ஆகாதே பாஸ்டர். பிறகேன் பயப்படுறீங்கள்?”

பதில் இல்லாதபோது மனிதர்கள் மனத்தில் உள்ளதைச் சொல்லிவிடுவார்கள். “ஒன்பது வருஷம் அக்கா. இந்த ஊரில ஒவ்வொரு ஆத்துமாவுக்காகவும் எவ்வளவு அழுதிருப்பன். இது ஆண்டவரின்ட வேலை. இவங்களின்ட படிவத்தில ஒரு நாலு இலக்கத்துக்காக அவ்வளவத்தையும் அழிக்கப்போறீங்களா?”

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதில் நடிப்பு ஒன்றும் இல்லை. ஊழியத்துக்கு வாழ்க்கையைக் கொடுத்த ஒரு மனிதன் கெஞ்சுகிறார், அவள் கையில் பேனை இருக்கிறது. எழுதித் தொலைத்துவிடலாம் என்றே அந்த நிமிஷம் தோன்றியது.

பாஸ்டர் போன பிறகு அவள் பென்சிலை எடுத்துப் புள்ளிக்கோட்டின் மேல் 1996 என்று எழுதிப் பார்த்தாள். பென்சில்தானே, அழிக்கலாம்தானே என்று தனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டாள். எழுதிய பிறகு அந்த எண் அந்த இடத்தில் ஒரு தொந்தரவும் இல்லாமல் அழகாக இருந்தது. பொய் இவ்வளவு ஒழுங்காக ஒரு இடத்தில் போய் உட்காருமா என்று அவளுக்குப் பயமாக இருந்தது.

மேர்வினிடம் கேட்டாள். அவன் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னான். “என்ன எழுதுறதெண்டு நான் சொல்ல மாட்டன், அது உன்ட பேனை. அந்தத் தகரத்தை நான் ஏத்தினது பதினொண்டாம் ஆண்டு. என்னைக் கேக்காட்டி என்ட முதுகைக் கேள், அது சொல்லும்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் மனத்தில் வேறு ஒரு பழைய கதை கிடந்து அரித்தது. அதைச் சொல்லாவிட்டால் அவள் பட்ட பாடு விளங்காது.

இரண்டு வருஷத்துக்கு முன், நகரத்தில் துறைமுகத்தை ஒட்டிய ஒரு பிரிவுக்குக் கிராம சேவகர் இல்லாமல், ஞானமலரே அதற்கும் பதில் கடமை பார்த்தாள். முதலாம் வகுப்புக்குப் பிள்ளைகளைச் சேர்க்கிற காலம் அது. நகரத்துப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க வேண்டுமென்றால், அதற்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறோம் என்று கிராம சேவகர் எழுதித் தர வேண்டும். அந்த ஒரு மாதமும் எங்கெங்கோ இருக்கிற சனமெல்லாம் துறைமுக வீதியில் குடியிருக்கும். யோகலிங்கம் மாஸ்டரும் வந்தார். மகள் வழிப் பேத்தி மேனுஜாவுக்குக் கடிதம் வேண்டும்.

“மச்சாளின்ட வீடு அங்கதான் இருக்கு. அங்க இருக்கினம் எண்டு எழுதினாச் சரி. எல்லாரும் செய்யிறதுதானே.”

“மாஸ்டர், அவை புன்னையடியில இருக்கினம். நான் நாளாந்தம் காணுறன். ஏலாது.”

“ஒரு பிள்ளையின்ட படிப்பு இது.”

“பொய்ச்சாட்சி சொல்லக்கூடாதெண்டு எங்கட வேதத்தில கட்டளை இருக்கு மாஸ்டர். அதை மீறி நான் எழுத மாட்டன்.”

சட்டத்தைக் காட்டி மறுத்திருந்தால் அவர் அவ்வளவு கொதித்திருக்க மாட்டார். வாழ்நாளெல்லாம் சட்டங்களோடு மாரடித்த மனிதர். வேதத்தைக் காட்டி மறுத்ததுதான் சுட்டது. வாசலில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னார். “உங்கட ஆக்களுக்கு ஒண்டெண்டு வரேக்க அந்த வேதம் என்ன எழுதுதெண்டு பாப்பம்.”

பார்க்கிறதற்கு இப்போது நாள் வந்திருந்தது. அவர் பார்க்கிறார் என்பதற்காக உண்மை எழுதுவதும் ஒரு வீம்புதானே என்று அவள் தன்னோடு வாதாடினாள். வாதம் எந்தப் பக்கம் போனாலும் பென்சில் எழுத்து அப்படியே இருந்தது.

பத்தாம் நாள் காலை, எதிர்பாராமல் மாஸ்டரின் மகள் லோஜினி கந்தோருக்கு வந்தாள். அடையாள அட்டை தொலைந்துவிட்டதாம், புதிதெடுக்கக் கடிதம் வேண்டுமாம். கூடவே வெள்ளைச் சீருடையில் மேனுஜா. பெரிய பள்ளிக்கூடம் கிடைக்காமல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். அங்கே மூன்று வகுப்புக்கு ஒரு ரீச்சர். அது ஞானமலருக்குத் தெரியும். பிள்ளையின் முகத்தைப் பார்க்க அவளுக்கு எப்போதும் ஒரு கூச்சம்.

“அப்பா சுகமா இருக்கிறாரோ?”

“இருக்கிறார். உங்களில கோவம் இன்னும் ஆறேல்ல அக்கா.”

“உங்களுக்கு?”

லோஜினி பிள்ளையின் பின்னலைச் சரி செய்தபடி சொன்னாள். “எனக்கும் அப்ப கோவந்தான். பிறகு விசாரிச்சுப் பாத்தனான். காரில வந்த பெரிய ஆக்களுக்கும் நீங்கள் இல்லையெண்டுதான் அனுப்பினீங்களாம். ஒருத்தருக்கும் எழுதிக் குடுக்கேல்லத்தானே? அது தெரிஞ்ச பிறகு மனம் ஆறிட்டுது. எல்லாருக்கும் இல்லையெண்டா எங்களுக்கும் இல்லத்தான்.”

கடிதத்தை வாங்கிக்கொண்டு தாயும் மகளும் போனார்கள். ஜெபவீட்டுப் படிவம் அவ்வளவு நேரமும் ஞானமலரின் முழங்கைக்குக் கீழேதான் கிடந்தது. ஒருத்தருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை என்ற ஒரே ஆறுதலில் ஒரு தாய் தன் பிள்ளையின் நட்டத்தைப் பொறுத்துக்கொண்டிருக்கிறாள். தன் ஆட்களுக்கு மட்டும் எழுதிவிட்டால் அந்த ஆறுதலையும் திருடினதாகிவிடும்.

ரப்பரை எடுத்து, காகிதம் நொய்யும் வரை பென்சில் எழுத்தை அழித்தாள். பேனையால் 2011 என்று எழுதினாள். குறிப்புப் பகுதியில், 1996 முதல் அந்த வளவில் ஜெபக்கூட்டம் நடந்து வருகிறது என்றும், சபையால் ஊரில் ஒரு கலகமும் உண்டானதில்லை, அனுமதி வழங்குவது பற்றி யோசிக்கலாம் என்றும் சேர்த்தாள். அதெல்லாமும் உண்மைதான். பிறகு கையெழுத்து வைத்து, முத்திரையைக் குத்தினாள்.

எழுதியதை அவள் ஒளிக்கவில்லை. அந்த ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எழும்பி நின்று சபைக்குச் சொன்னாள். பின் வரிசையில் ஒரு குரல், “வீட்டுக்குள்ள இருந்துகொண்டே கூரையைப் பிடுங்கிட்டா,” என்றது. பாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். புஷ்பவதி எழும்பி, ஞானமலரைப் பாராமல், செருப்பைப் போட்டுக்கொண்டு வெளியே போனாள்.

மற்றவர்கள் சொன்னதைத் தாங்கலாம். புஷ்பவதி பேசாமல் போனதைத் தாங்க முடியவில்லை. கருவாடு காயப்போட்டு விற்றுச் சீவிக்கிற பெண் அவள். தொண்ணூற்றாறில் அவளுடைய புருஷன் மீன் விற்கச் சைக்கிளில் போனவன், திரும்பி வரவில்லை. தறப்பாளுக்குக் கீழே நடந்த முதல் ஜெபமே அவனுக்காக நடந்ததுதான். ஞானமலரின் தாய் செத்தபோது மூன்று நாள் வந்து நின்று சமைத்துப்போட்டவள் அவள். காணி கொடுத்தவளும் அவளே. அவளுக்கு என்ன பதில் சொல்வதென்று ஞானமலருக்குத் தெரியவில்லை.

விசாரணை பிரதேச செயலகத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை நடந்தது. மேசையின் ஒரு பக்கம் பாஸ்டர், மற்றப் பக்கம் யோகலிங்கம் மாஸ்டர். மாஸ்டரின் மடியில் ஒரு தடித்த காகிதக் கோவை இருந்தது. பரீட்சைக்கு வந்த மாணவனைப் போல அதைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். செயலாளர் கிராம சேவகரின் அறிக்கையை வாசித்தார். ஏழாவது வரிக்கு வந்து, “இரண்டாயிரத்துப் பதினொண்டு,” என்றார்.

மாஸ்டரின் கை கோவையின் மேல் அப்படியே நின்றது. “அதை ஒருக்கா நான் பாக்கலாமோ?” என்று படிவத்தை வாங்கி, கண்ணாடியை மாற்றிப் போட்டு, இரண்டு தரம் வாசித்தார்.

“மாஸ்டர், வேற ஏதும் சொல்ல இருக்கோ?”

“ஒண்டுமில்ல,” என்றார் அவர். கோவையைத் திறக்கவே இல்லை.

தீர்ப்பு அரை மணித்தியாலத்தில் வந்தது. பதினாலு நாளில் ஜெபவீட்டை மூட வேண்டும். புதிதாக அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். எப்போது கிடைக்கும், கிடைக்குமா கிடைக்காதா என்பதை ஒருவரும் சொல்லவில்லை.

வெளியே சைக்கிள் விடுகிற இடத்தில் மாஸ்டர் அவளுக்காகக் காத்து நின்றார்.

“ஜி.எஸ்., இதுக்குள்ள கட்டடம் கட்டேக்க எடுத்த படம் கிடக்கு,” என்று கோவையைக் காட்டினார். “நீங்கள் 1996 எண்டு எழுதுவீங்கள், இதைக் காட்டி உங்கட உத்தியோகத்துக்கும் ஒரு முடிவு கட்டுவன் எண்டுதான் வந்தனான்.”

ஞானமலர் அந்தக் கோவையையே பார்த்தாள்.

“முறைப்பாட்டை நான் திருப்பி எடுக்க மாட்டன். அதை எதிர்பாக்க வேண்டாம். அனுமதி இல்லாத கட்டடம் அனுமதி இல்லாத கட்டடந்தான்.” அவர் சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டார். “உங்கட ஆக்கள் எத்தினையோ வருஷமா என்ட படலையடிக்கு வந்து ஆண்டவரைப் பற்றிக் கதைச்சவை. நான் ஒரு சொல்லையும் நம்பினதில்ல. நீங்கள் எழுதினதை இண்டைக்கு நம்புறன். அவ்வளவுதான்.”

சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர் போய்விட்டார். ஞானமலர் பஸ்ஸில் யன்னல் பக்கம் இருந்து அழுதாள். ஒன்பது வருஷ ஊழியம், கட்டுக் கட்டாகத் துண்டுப்பிரசுரம், எத்தனையோ வீட்டுச் சந்திப்பு, இவ்வளவும் செய்ய முடியாததை நாலு இலக்கம் செய்திருந்தது. ஆனால் அதற்குக் கொடுத்த விலை நாற்பது பேருடைய ஜெபவீடு. சந்தோஷப்பட்டால் அந்த நாற்பது பேருக்கும் துரோகம் போல இருந்தது. துக்கப்பட்டால் எழுதினது பிழையென்று ஆகிவிடும் போல இருந்தது. இரண்டையும் பிரிக்கத் தெரியாமல் சாம்பல்தீவு வரை அழுதுகொண்டே வந்தாள்.

மூடுகிற அறிவித்தலை ஒட்ட வேண்டியதும் கிராம சேவகர்தான். சட்டம் எழுதுகிறவர்களுக்கு இதெல்லாம் தோன்றாது. பதினாலாம் நாள் பின்னேரம், காகிதத்தையும் ஒரு டப்பாவில் பசையையும் எடுத்துக்கொண்டு அவள் புன்னையடிக்குப் போனாள். சபை ஆட்கள் கதிரைகளையும் ஒலிபெருக்கிப் பெட்டிகளையும் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளைக் கண்டதும் வழி விட்டார்கள். பாஸ்டர் ஜக்சன் கையிலிருந்த கதிரையைக் கீழே வைத்துவிட்டு வந்தார்.

“அக்கா, எனக்கு இன்னும் மனம் ஆறேல்ல. அதை மறைச்சுச் சிரிக்க எனக்கு ஏலாது,” என்றார். “ஆனா விசாரணைக்கு அடுத்த நாளே திருத்தக் கடிதம் அனுப்பிட்டன். உங்களிட்ட நான் கேட்டது பொய் எண்டு கேக்கேக்கயே எனக்குத் தெரியும். அதை ஆண்டவரின்ட பேரால கேட்டனான். நீங்கள் மன்னிக்க வேணும்.”

அவள் தலையை ஆட்டினாள். அவர் திரும்பிப் போய்க் கதிரையைத் தூக்கினார்.

நீலக் கதவு சாத்தியிருந்தது. அதன் முன்னால், படியில், புஷ்பவதி இருந்தாள். ஞானமலர் கிட்டப் போனதும் அவள் எழும்பவில்லை, விலகவும் இல்லை.

“இரு,” என்றாள். ஞானமலர் பக்கத்தில் இருந்தாள்.

“எல்லாரும் வந்து எனக்கு ஆறுதல் சொல்லுகினம். காணி ஆண்டவருக்குத்தானே குடுத்தனீங்கள், கட்டடம் போனாப் போகட்டும் எண்டு. எனக்கு அந்தக் கதை பிடிக்கேல்ல பிள்ள. நான் கட்டடத்துக்குத்தான் குடுத்தனான். என்ட மனுசன் எப்பவாவது திரும்பி வந்தா இந்த வளவுக்குத்தான் வருவார். வரேக்க இதில ஒரு லைற் எரிய வேணும், நாலு சனத்தின்ட சத்தம் கேக்க வேணும் எண்டு குடுத்தனான். இத்தினை வருஷமா ஒருத்தருக்கும் இதை நான் சொன்னதில்ல.”

கல் சுமந்த ஞானமலருக்கும் அது தெரியாது. மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தாள்.

“பொறு, சொல்லி முடிக்க விடு. அண்டைக்குச் சபையில உன்னைப் பாக்காமல் எழும்பிப் போனனான். வீட்ட போய் உன்னைத் திட்டலாம் எண்டு இருந்தனான், பாத்துக்கொள், எனக்குத் திட்ட வரேல்ல.” அவளுடைய குரல் உயரவில்லை. “முப்பது வருஷமா எத்தினை கந்தோர் ஏறியிருப்பன், அவர் எங்க எண்டு கேட்டு. அப்பிடி ஒராளைத் தெரியாது எண்டு ஒருத்தன் எழுதித் தந்தான். வெளிநாட்டுக்குப் போயிருப்பார் எண்டு இன்னொருத்தன் எழுதித் தந்தான். எல்லாம் கையெழுத்து வைச்சு, முத்திரை குத்தி. அவனவன் தன்ட ஆக்களைக் காப்பாத்த எழுதின பொய். அதில ஒருத்தன், ஒரே ஒருத்தன், தன்ட ஆக்களுக்கு நட்டம் வந்தாலும் பரவாயில்லையெண்டு உள்ளதை எழுதியிருந்தா, நான் அண்டைக்கே இருந்து அழுது, வெள்ளைச் சீலை உடுத்தி, அவரை ஆண்டவரிட்டக் குடுத்திட்டு எழும்பியிருப்பன்.”

கடற்கரைப் பக்கமிருந்து இயந்திரப் படகொன்றின் சத்தம் வந்து போனது. கதிரை ஏற்றுவதை நிறுத்திவிட்டுச் சபை ஆட்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

“உள்ளதை எழுதுற அந்த ஆளை முப்பது வருஷமாத் தேடினனான்,” என்றாள் புஷ்பவதி. “எழுதினது என்ட சபைப் பிள்ளையா இருந்து, என்ட கதவை மூடுறதெண்டா, அதுக்காக நான் எப்பிடி உன்னைத் திட்டுறது?”

அவள் எழும்பி, ஞானமலரின் கையிலிருந்த காகிதத்தை வாங்கினாள். பசையை விரலால் தொட்டுப் பின்பக்கம் முழுவதும் பூசினாள். கதவின் நடுவில் வைத்து, நாலு மூலையையும் உள்ளங்கையால் அழுத்தி, தன் கையாலேயே ஒட்டினாள். ஞானமலர் படியிலிருந்து எழும்பவில்லை. எல்லாரும் பார்க்க, வாய்விட்டு அழுதாள்.